மூச்சு வாங்குபவருக்கு ஏ.இ.டி. கருவியைப் பொருத்தலாமா?

கேள்வி:
எங்கள் அலுவலகச் சுவரில் ஏ.இ.டி. எனப்படும் கையடக்க டிஃபிப்ரிலேட்டர் (மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் சக ஊழியர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. ஆனால், கரையில் விழுந்த மீனைப் போல விட்டுவிட்டு வாயைத் திறந்து மூச்சை இழுத்ததால், உயிர் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்தால் விபரீதமாகிவிடுமே என்று அஞ்சி, ஆம்புலன்ஸ் வரும்வரை கருவியைத் தொடாமலே நின்றோம். அவர் பிழைத்துவிட்டார். இருந்தாலும், நாங்கள் செய்தது சரியா?

மறுமொழி 1:
அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது மூச்சல்ல. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வரும் திணறல். நினைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால், ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, ஒருவர் கருவியை எடுத்துவர, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. உங்கள் அச்சத்துக்கு இடமே இல்லை: இதயத்துடிப்பைக் கருவியே ஆராய்ந்து, இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிப்பது போன்ற நிலைகளில் மட்டுமே மின்னதிர்ச்சிக்கு அனுமதிக்கும்.

மறுமொழி 2:
முதலுதவிப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெரும்பாலோர் தயங்குவது சட்டையைக் கழற்றும் இடத்தில்தான். ஆணோ பெண்ணோ, துணியை வெட்டி, வியர்வையைத் துடைத்து, வெறும் தோலில் கருவியோடு வரும் இரண்டு ஒட்டுப் பட்டைகளில் ஒன்றை வலது காறையெலும்புக்குக் கீழேயும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்புறத்திலும் அழுத்தி ஒட்ட வேண்டும். பட்டையிலேயே படம் இருக்கும். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக வைக்க உடலுக்குள் பொருத்தும் சிறு கருவி) புடைத்துத் தெரிந்தால் பட்டையைச் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். கருவி ஆராயும்போதும் அதிர்ச்சி தரும்போதும் யாரும் அவரைத் தொடக்கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. 'அதிர்ச்சி தேவையில்லை' என்று கருவி சொன்னால், அவர் மீண்டுவிட்டார் என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
கூடாது. துடிப்பே இல்லாமல் அடங்கிவிட்ட இதயத்துக்கும் கருவி அதையேதான் சொல்லும். ஆகவே, பட்டைகளை அகற்றாமல் உடனே அழுத்தத்தைத் தொடருங்கள். 2 நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானே மறுபடி ஆராயும். அவர் அசைந்து, இயல்பாக மூச்சுவிடத் தொடங்கினால் மட்டும் நிறுத்தலாம்.