டினா டர்னரின் 36 சென்ட்: கட்டிய கதையா?

தாளக்கட்டு:
சோல் என்னும் அமெரிக்கக் கறுப்பின இசைவகைப் பாடகியரின் தன்வரலாறுகள் பற்றி நம் குழுவில் நேற்று நடந்த பேச்சில், நண்பர் கரிசல்மண் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார். அமெரிக்கப் பாடகி டினா டர்னர் தன்னை அடித்துவந்த கணவரிடமிருந்து தப்பியபோது கையில் 36 சென்ட்தான் இருந்தது என்பது புத்தகம் விற்பதற்காகக் கட்டிய கதை என்றும், கைப்பையில் பெட்ரோல் கார்டு (பெட்ரோல் நிலையத்தில் பயன்படும் கடன் அட்டை) வைத்திருந்தவரை வெறுங்கையோடு வந்தவர் என்று சொல்லக் கூடாது என்றும் அவர் எழுதியிருந்தார். இரவு முழுவதும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

1986-இல் வெளிவந்த, டினாவின் வாழ்க்கையைச் சொல்லும் 'ஐ, டினா' நூலை மூன்று முறை வாசித்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். 36 சென்ட்டைச் சொன்னவரும் டினாதான். கூடவே மொபில் நிறுவனத்தின் பெட்ரோல் கார்டு இருந்தது என்று சொன்னவரும் அவரேதான். அவர் மறைத்ததை நீங்கள் துப்பறிந்து கண்டுபிடித்தது போல எழுதுவது எந்த வகையில் நியாயம்?

1976 ஜூலைத் தொடக்கத்தில், கச்சேரிக்காக லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டாலஸுக்குப் போன பயணம் அது. டினா வெள்ளை உடை அணிந்திருக்கிறார். கணவரும் இசைக்குழுத் தலைவருமான ஐக் டர்னர் உருகிக்கொண்டிருக்கும் சாக்லேட்டை நீட்ட, உடையில் ஒட்டிவிடுமே என்று அவர் விலகுகிறார். அதற்கு அடி விழுகிறது. அன்று காரில் அவரும் திருப்பி அடிக்கிறார். விடுதிக்குப் போய்ச் சேரும்போது அந்த வெள்ளை உடையில் ரத்தம். ஐக் கண்ணயர்ந்ததும், வீங்கிய தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு பின்வழியாக இறங்கி, வண்டிகள் விரையும் நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, எதிர்ப்பக்கத்திலிருந்த ரமாடா இன் விடுதியின் வரவேற்பு மேசைக்கு முன்னால் போய் நிற்கிறார். தன்னிடம் பணமில்லை, பிறகு கொடுத்துவிடுகிறேன் என்று சொல்கிறார். இதில் எந்த இடம் உங்களுக்கு விளம்பரமாகத் தெரிகிறது?

கரிசல்மண்:
மூன்று முறை வாசித்ததாகச் சொல்கிறீர்கள், ஆனால் நான் எழுதிய ஒரு வரியை ஒழுங்காக வாசிக்கவில்லை. அவர் அடி வாங்கவில்லை என்று நான் எங்கும் எழுதவில்லை. 36 என்ற எண்ணைத்தான் கேட்டேன். உயிருக்குப் பயந்து ஓடுகிற ஒருவர் நின்று சில்லறையை எண்ணுவாரா? சம்பவம் நடந்தது 1976-இல், புத்தகம் வந்தது 1986-இல். இடையில் 1984-இல் 'பிரைவேட் டான்சர்' இசைத்தட்டு வெளிவந்து உலகமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மேலே போனவருக்குக் கீழே இருந்த இடம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது என்பதைப் பதிப்பாளர்கள் நன்றாக அறிவார்கள். பெட்ரோல் கார்டு பெட்ரோல் கார்டுதான். அதை வைத்திருந்தவர் கையில் ஒன்றுமே இல்லாதவர் ஆக மாட்டார்.

இரவல்நூலகம்:
இருவரும் அடிப்படைக் கேள்வியை விட்டுவிட்டீர்கள். இந்த நூலைத் தன்வரலாறு என்று சொல்லலாமா? 'ரோலிங் ஸ்டோன்' இசை இதழில் எழுதிய கர்ட் லோடர் இதில் இணையாசிரியர். பல பகுதிகள் படர்க்கையில் நகர்கின்றன. இடையிடையே டினாவும் அவரை அறிந்தவர்களும் தத்தம் வாயால் பேசுகிறார்கள். முதலில் இதை என்ன வகை என்று தீர்மானித்துக்கொண்டால்தான் சாட்சியத்தை எடைபோட முடியும். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 1956-ஆம் ஆண்டுத் தன்வரலாற்று நூலைப் பற்றியும் இதையேதான் சொன்னேன். அந்த நூலின் முதல் வரியே பெற்றோரின் திருமணத்தையும் வயதையும் தவறாகச் சொல்கிறது என்று காட்டிய பிறகும் இங்கே ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

தாளக்கட்டு:
இரவல்நூலகம் அவர்களே, வகை என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். பேச்சு 36 சென்ட்டைப் பற்றியது. பில்லி ஹாலிடே வழக்கை இங்கே மறுபடி திறக்க வேண்டாம்.

கரிசல்மண் அவர்களுக்கு: அந்த இரவில் டினாவிடம் கார் இருந்ததா? காரில்லாமல், டாலஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் நடந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பெட்ரோல் கார்டு எதைக் கொடுக்கும்? அறை கொடுக்குமா, சாப்பாடு கொடுக்குமா, விமானச் சீட்டு கொடுக்குமா?

இன்னொன்றையும் சொல்கிறேன். 1960-இல் 'எ ஃபூல் இன் லவ்' பாடலை ஒரு ஆண் பாடகர் பாட வேண்டியிருந்தது. அவர் வராததால் டினா பாடினார். அதிலிருந்து 1976 வரை 16 ஆண்டுகள், மேடையில் வியர்வை சொட்டச் சொட்டப் பாடி ஆடிக் கூட்டத்தைக் கூட்டியவர் அவர். காசு முழுவதும் ஐக்கின் கையில் இருந்தது. அதனால்தான் அந்த 36 சென்ட் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 16 ஆண்டுகள் உழைத்தவரின் பையில், அவர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு வெளியேற அவ்வளவுதான் இருந்தது. அவர் ஏழையா இல்லையா என்பதல்ல கேள்வி. அவருடைய கூலி எங்கே போனது என்பதே கேள்வி.

கரிசல்மண்:
கூலியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எண்ணைக் கேட்டால் கூலிக்குத் தாவுகிறீர்கள்.

ஐக் டர்னரின் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும். 1951-இல் மெம்பிசில் பதிவான 'ராக்கெட் 88' அவருடைய குழு வாசித்த பாடல்; ராக் அண்ட் ரோலின் முதல் இசைத்தட்டு என்று பலர் சொல்வது அதைத்தான். ஆனால் வெளிவந்தபோது தட்டில் அச்சானது, அதைப் பாடிய சாக்ஸஃபோன் கலைஞர் ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயர். அந்த அநியாயத்தை அனுபவித்த ஐக், 1999-இல் தன் நூலுக்கு என் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் தலைப்பிட்டார். அந்த நூலை இங்கே எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்?

வெண்கலக்குரல்:
நான் வாசித்திருக்கிறேன். டினாவை அறைந்ததுண்டு என்றும், யோசிக்காமல் தரையில் விழும்படி குத்தியதும் உண்டு என்றும் எழுதிவிட்டு, ஆனால் ஒருபோதும் அடித்துத் துன்புறுத்தியதில்லை என்று அதே மூச்சில் சொல்கிற நூல் அது. அதைச் சான்றாகக் கொண்டுவருபவர் 36 சென்ட்டுக்குச் சாட்சி கேட்கிறார்.

பெயரைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். அன்னா மே புல்லக் என்ற பெண்ணுக்கு அவரைக் கேட்காமலே டினா டர்னர் என்று பெயர் சூட்டி, அந்தப் பெயரைத் தன் உடைமையாகப் பதிவு செய்துகொண்டவர் ஐக். அவள் போனால் இன்னொருத்தியை அதே பெயரில் மேடையேற்றலாம் என்ற கணக்கு. 1951-இல் தன் பெயர் பறிபோனதன் வலியை அறிந்தவர், 1960-இல் இன்னொருவருக்கு அதைச் செய்தார். 1966-இல் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 'ரிவர் டீப், மவுண்டன் ஹை' பாடலைப் பதிவு செய்தபோது ஐக் அதில் வாசிக்கவே இல்லை. இருந்தும் தட்டில் அவர் பெயரும் அச்சானது. 1978-இல் மணமுறிவு முடிவானபோது டினா சொத்துகளை விட்டுக்கொடுத்து, அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டார். நடக்காமல் போன கச்சேரிகளுக்கான கடனும் அவர் தலையில்தான் விழுந்தது. தோழிகள் வீட்டில் தங்கி, அதற்கு ஈடாக அவர்கள் வீட்டைத் துடைத்துப் பெருக்கி, அரசு தரும் உணவுச் சீட்டில் சாப்பிட்டவர் அவர். அதையும் எண்ணிப் பார்க்க ஒரு சாட்சி வேண்டுமா?

கரிசல்மண்:
உணவுச் சீட்டு பின்னால் வந்தது. நான் கேட்பது அந்த இரவின் சில்லறையை. கேள்வியை மாற்றாதீர்கள்.

இரவல்நூலகம்:
லோடர் எழுதியது எது, டினா சொன்னது எது என்பதை இன்னும் யாரும் பிரித்துக் காட்டவில்லை.

தாளக்கட்டு:
டினாவுக்குத் தன் வாழ்க்கையை எழுத இன்னொருவர் தயவு தேவைப்பட்டது என்ற தொனியை நான் ஏற்க மாட்டேன். 1973-இல் தன் சொந்த ஊரைப் பற்றி 'நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்' என்ற பாடலை எழுதியவர் அவரே. டென்னசியின் அந்தச் சிற்றூரில் பருத்தி எடுத்த சிறுமி, தாய் தன்னை விரும்பவில்லை என்பதைப் புத்தகத்தில் ஒளிக்காமல் சொல்கிறார். தாய் வீட்டைவிட்டுப் போனதைச் சொல்கிறார். 1968-இல் தூக்க மாத்திரைகளை விழுங்கியதைச் சொல்கிறார். அவ்வளவு அடிக்குப் பிறகும் ஏன் இத்தனை ஆண்டுகள் அங்கேயே இருந்தேன் என்ற, தனக்குப் பெருமை சேர்க்காத கேள்வியையும் எடுத்துக்கொள்கிறார். தன்னை உயர்த்திக்காட்ட நினைக்கிறவர் இவற்றில் பாதியை விழுங்கியிருப்பார். இத்தனையையும் மறைக்காமல் சொன்னவர் சில்லறையில் மட்டும் பொய் சொன்னார் என்றால் நான் ஒப்புக்கொள்ள முடியாது.

டினாவின் வாழ்க்கையை வைத்து 1993-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நூலை வாசித்ததாக நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். படத்தில் பல இடங்கள் மாற்றப்பட்டவை. கரிசல்மண் நூலை வாசித்தாரா என்று நேராகவே கேட்கிறேன்.

கரிசல்மண்:
என் வாசிப்பைச் சோதிக்க உங்களுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. சென்ற ஆண்டு சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பற்றிய பேச்சிலும் எதிர்த்துப் பேசியவர்களிடம் இதே கேள்வியைத்தான் கேட்டீர்கள்.

வெண்கலக்குரல்:
வாசித்தாரா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கரிசல்மண்:
36 சென்ட்டை எண்ணிப் பார்த்தவர் யார் என்பதற்கும் பதில் வரவில்லை.

தாளக்கட்டு:
தன் பையைத் தானே திறந்து பார்த்தவர் எண்ணினார். ஓடும்போது எண்ணியிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்ட பிறகு, இனி என்ன செய்வது என்று பையைக் கொட்டிப் பார்க்காத மனிதர் உண்டா? நீங்கள் முதலில் காரில்லாத பெண்ணுக்குப் பெட்ரோல் கார்டு எதற்கு உதவும் என்று சொல்லுங்கள். இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

கரிசல்மண்:
கார்டு இருந்தது. நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

தாளக்கட்டு:
டினாவே எழுதியதை நான் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: கார் எங்கே?