ஆறு மணிக்கு கேட் மூடுவார்கள்: அந்தி சபாரி அனுபவங்கள்

ஹப்புத்தளைக்காரன்

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளையில் எங்கள் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) இஸ்தோப்பில் (வாசல் தாழ்வாரத்தில்) நின்றால், மப்பு இல்லாத சாயங்காலங்களில் கீழே வெகு தூரத்தில் ஒரு தகடு பளபளக்கும். அப்பாயி அதைச் சமுத்திரம் என்று சொல்லும். அப்பா, "இல்ல, அது உடவளவைக் குளம்" என்பார். இரண்டு பேரும் அங்கே போனதில்லை, அதனால் அந்தச் சண்டை தீரவும் இல்லை. போன டிசம்பரில்தான் நான் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரி, ஒன்பது வயது மகள், வேன் ஓட்ட மச்சான்.

பெரகலையில் இறங்கி, கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய, தணமல்வில என்று இரண்டரை மணிநேரம். வெல்லவாயவில் சுவெட்டரைக் கழற்றினோம். தணமல்விலவில் கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. மலையில் பிறந்தவனுக்கு அந்த வெக்கை ஒரு தண்டனை.

இரண்டரை மணிக்கு ஜீப்பில் உடவளவை தேசிய பூங்காவுக்குள்ளே போனோம். உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு மணிநேரம் வீண். சேற்றுக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்திருந்த எருமைகள், நிழலில் இறக்கையைத் தொங்கப்போட்டு நின்ற ஒரு மயில், அவ்வளவுதான். மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். கொடுத்த காசை நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். டிரைவர் வயசான சிங்களவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அலியா வெயிலில் வராது மாத்தயா, நாலரை ஆகட்டும்" என்றார். யானைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காதாம். காதை விசிறிக்கொண்டு பற்றைக்குள் நின்று சூட்டைக் கழிக்கும், வெயில் தாழ்ந்தால்தான் புல்லுக்கும் தண்ணீருக்கும் வெளியே வரும் என்றார்.

அவர் சொன்ன மாதிரியே நடந்தது. நாலரைக்கு மேல் குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. பற்றை அசைந்தது. முதலில் ஒரு பெரிய பெண் யானை, பின்னால் இரண்டு, நடுவில் ஒரு குட்டி. ஜீப்பை நிறுத்தி என்ஜினை அணைத்தார். பதினைந்து அடிக்குள் அந்தப் பெரியது புல் மேய்ந்தது. இதைத்தான் சொல்ல வந்தேன். மாடு மாதிரி வாயால் மேயவில்லை. முன்னங்கால் நகத்தால் குட்டைப் புல்லை உதைத்து உதைத்து வேரோடு பெயர்க்கிறது. பிறகு தும்பிக்கையால் கூட்டி ஒரு பிடியாக எடுக்கிறது. உடனே வாயில் போடவில்லை. முழங்காலில் பட் பட்டென்று தட்டி மண்ணை உதறுகிறது. வல்லாரையைப் பிடுங்கி அப்பாயி செய்வது இதேதான். மகள் எழுந்து உட்கார்ந்து, "அப்பா, யானை கீரை ஆயுது" என்றாள். குட்டியும் உதைத்துப் பார்த்தது, புல் வரவில்லை, தாயின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது.

அப்புறம் குளக்கரைக்குப் போனோம். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டு மரங்கள் இன்றைக்கும் தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் நீர்க்காகம். அந்தக் குளத்தால் இடம் பறிபோன விலங்குகளுக்காகத்தான் 1972இல் அதைத் தேசிய பூங்காவாக்கினார்கள், முந்நூற்றெட்டு சதுர கிலோமீட்டர் என்று டிரைவர் சொன்னார். மேற்கே வெயில் அந்த மரங்களுக்கு நடுவில் இறங்கியது. தண்ணீர் முதலில் பித்தளை, பிறகு செம்பு. எல்லாரும் அந்தப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தபோது வீட்டுக்காரி என் தோளைத் தட்டி வடக்கே காட்டினாள். வானத்தில் பாதி உயரத்துக்கு ஒரு நீலச் சுவர். எங்கள் மலை! அப்பாயியும் அப்பாவும் சண்டை போட்ட இஸ்தோப்பு அந்தச் சுவரில் எங்கேயோ இருக்கிறது. மகள் எது எது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்கு கேட் மூடுவார்கள். ஐந்தே முக்காலுக்கு எல்லா ஜீப்பும் ஒன்றாகப் பறக்கிறது, ஒரே தூசி. எங்களுக்கு முன்னால் போன ஜீப், குட்டியோடு பாதையைக் கடந்த ஒரு தாய் யானைக்கு முன்னால் ஹோர்னை அடித்தது. அது திரும்பி, காதை விரித்து நின்றது. எங்கள் டிரைவர் சத்தமில்லாமல் என்ஜினை அணைத்துவிட்டார். இரண்டு நிமிஷம் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு அது எங்களை மன்னித்ததுபோல ஒரு முறை தலையை ஆட்டிவிட்டுப் போனது. கேட்டுக்கு ஆறு ஐந்துக்கு வந்தோம், ஏச்சு வாங்கினோம்.

நீங்களும் சொல்லுங்கள். காலையில் போனவர்கள் இருந்தாலும் சரி.

பட்டிப்பொல பனி

எங்கள் ஹோட்டன் சமவெளியில் ஜீப் சபாரி கிடையாது, நடைதான். உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க விடியற்காலையிலேயே ஆட்கள் ஓடுகிறார்கள், ஒன்பது மணிக்கு மேல் பனி வந்து பள்ளத்தை மூடிவிடும் என்று. எனக்கு அந்தப் பள்ளத்தைவிட மரை என்கிற பெரிய மான்தான் பெரிசு. ஒருமுறை நண்பர்களோடு போய், காலில் கொப்புளத்தோடு கடைசி ஆளாகத் திரும்பினேன். வெயில் மங்கிய நேரம். பனி தரையோடு வந்தது. வாகனம் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நான் பட்ட மரம் என்று நினைத்தது திரும்பிப் பார்த்தது. கிளை கிளையாகக் கொம்பு, கழுத்து மயிரில் பனித்துளி. பின்னால் ஏழெட்டுப் பெட்டை மரைகள்.

வருத்தம் என்னவென்றால், அது என்னிடம் பயப்படவில்லை, என் பையைப் பார்த்தது. பிஸ்கட் கொடுத்துப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையோடு சேர்த்துத் தின்கிறது.

விடியக்காலைக் கட்சி

அண்ணே, எனக்கு மாலை சரிவராது. காலையில் போனால் ராத்திரி நடந்த கதையெல்லாம் மண்ணில் எழுதியிருக்கும். சிறுத்தையின் அடி, நரியின் அடி, யானை படுத்து எழுந்த இடம். ட்ராக்கர் படித்துச் சொல்வார். சாயங்காலம் போனால் அதன் மேல் இருபது ஜீப்பின் டயர்தான் இருக்கும். வெக்கையும் இல்லை, கேட் மூடும் அவசரமும் இல்லை. வெளிச்சம் அழகு என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மஸ்கெலியா அக்கா

தம்பி எழுதியதை இரண்டு தரம் படித்தேன். கோபமா பொறாமையா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு அந்தி என்றால் வேறு. நான் பள்ளிக்கூடம் போகும் காலம். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு மடுவத்திலிருந்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து) வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். நான் பாதி வழிக்குப் போய் விறகுக் கட்டை வாங்கிக்கொள்வேன். ஒரு நாள் வளைவில் அம்மா சட்டென்று நின்று என் கையைப் பிடித்தார். மேலே, கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிட்ட) மலையில் ஒரு பாறை. அதன் மேல் புலி. (சிறுத்தை என்று எழுத வேண்டும், தெரியும். எங்கள் வாயில் புலிதான்.) எங்களைப் பார்க்கவில்லை. வெயில் போகிற பக்கம் முகத்தை வைத்து, பூனை அடுப்படியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. காய்ந்த மானாப் புல்லும் அதன் தோலும் அந்த வெளிச்சத்தில் ஒரே நிறம். வால் நுனி மட்டும் ஆடியதால்தான் அம்மா கண்டுகொண்டார்.

"ஓடாத. முதுகைக் காட்டாத. சத்தமா பேசு" என்றார் அம்மா. எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை, ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். ஏழெட்டு ஐம்பத்தாறில் அது எழுந்து, சோம்பல் முறித்து, மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது. ரெண்டு நாள் கழித்துப் பக்கத்து லயத்து நாயைக் காணோம்.

தேயிலைக்குள் குட்டிகளை விட்டுவிட்டுத் தாய் இரை தேடப் போகும். கொழுந்து பறிக்கும்போது கண்ட பெண்கள் எத்தனையோ பேர். விஷயம் தெரிந்தவர்கள் தொடாமல் அந்த மலையை விட்டு வந்துவிடுவார்கள், ராத்திரியில் தாய் வந்து தூக்கிக்கொண்டு போகும். தெரியாதவர்கள் தூக்கி வந்து படம் எடுப்பார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது நினைவிருக்கும். பன்றிக்கு வைக்கிற சுருக்கு, கழுத்தில் போய் இறுகும். அதை உங்கள் உடவளவைக்குத்தான் கொண்டுபோனார்கள், யானைக் குட்டிகளை வளர்க்கிற இடத்து வைத்தியர்களிடம். சில நாளில் செத்துப்போனது. அது உயிரோடு இருந்திருந்தால் எந்த அந்தியில் எந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கும் என்று நான் இன்னும் நினைப்பேன்.

மகன் சபாரி கூட்டிப் போ என்று கேட்கிறான். வீட்டு வாசலில் பார்த்தால் கதவைச் சாத்துகிறோம், அங்கே போனால் காசு கொடுத்துப் பார்க்கிறோம். நடுவில் இருப்பது ஜீப்புக் கம்பி மட்டும்தானா?

நுவரெலியாவிலிருந்து

காசு இல்லாதவர்களுக்கு ஒரு சபாரி. நவம்பருக்கு மேல் விக்டோரியா பூங்காவின் ஓடைப் பக்கம் அந்தியில் போய்ச் சும்மா நில்லுங்கள். இலைச்சருகைக் கிளறிக்கொண்டு ஒரு குருவி வரும். குட்டை வால், பச்சை முதுகு, வயிற்றுக்கடியில் சிவப்பு. இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வருவது. ஆறுமணிக்குருவி என்று பெயர், காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கத்துவதால். நான் பார்த்த நாளில் ஐந்து ஐம்பதுக்கே கத்தியது. அதற்கும் கேட் மூடுகிற அவசரம் போல.

ஹப்புத்தளைக்காரன்

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை. நான் கண்டதைச் சொல்கிறேன். வெளியே வந்து தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். அந்த ரோட்டோரத்தில் மின்சார வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய ஆண் யானைகள் வரிசையாக நிற்கும், போகிற வருகிறவர்கள் பழம் போடுவார்கள் என்று. ஹோட்டன் மரை கதைதான் அங்கேயும். கடைக்காரரிடம், "நீங்கள் உள்ளே போய்ப் பார்ப்பதில்லையா?" என்று கேட்டேன். சிரித்தார். அவருக்கு வாழைத் தோட்டம் இருக்கிறதாம். ஆறு மணிக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, டோர்ச்சும் வெடியும் எடுத்துக்கொண்டு காவலுக்குப் போய்விடுவாராம். உங்கள் அம்மா மாதிரி அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மகனைக் கூட்டிப் போங்கள், யானைக் குட்டிகளுக்குப் பால் கொடுப்பதையாவது காட்டுங்கள். 1995இலிருந்து நடக்கிற இடம், தாயில்லாத குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். தடவ விடமாட்டார்கள், தூரத்தில் நின்றுதான் பார்க்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது.

சூரியன் விழுவதைப் பூங்காவுக்குள்ளேயே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நவம்பர், டிசம்பரில் போங்கள். அப்போது ஆறுக்கு முன்பே விழுந்துவிடும், மழைக்கு மட்டும் ஒரு ரெயின்கோட். ஜூலையில் ஆறரை ஆகும், அதற்குள் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த மாதங்களில் தண்ணீர் வற்றிக் கரையில் புல் முளைக்கும், யானை கூட்டமாக இறங்கும். எது வேண்டுமோ பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கைக் கட்ட ஒரு துண்டு எந்த மாதத்திலும் வேண்டும்.

மறுநாள் அம்மா வீட்டில் இருந்தோம். வானம் வெளுத்திருந்தது. மகள் இஸ்தோப்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தகடு பளபளத்து, மங்கி, காணாமல் போனது. உள்ளே வந்து மணியைப் பார்த்தாள்.

"கேட் மூடியிருப்பாங்க" என்றாள். "இனிமே அதுங்க மட்டும்தான்."