கீழத்தெரு குழு: குளியலறையில் செவிப்பாம்பு

மீனா: (படம்) பாத்ரூமில் தண்ணீர் போகும் துளைப் பக்கம் நெளிகிறது. மண்புழு என்று துடைப்பத்தால் தள்ளப் போனேன், நாக்கை நீட்டுகிறது!

ராஜம் மாமி: ஐயோ, செவிப்பாம்பு! காதுக்குள் போய்விடும். உப்பைப் போடு, இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் ஊற்று.

செல்வம்: மீனா அக்கா, எதையும் ஊற்றிவிடாதீர்கள், ப்ளீஸ். அது புழுப்பாம்பு. விஷம் கிடையாது. நம்மைக் கடிக்கும் அளவுக்கு வாயும் இல்லை.

மீனா: தலை எது, வால் எது என்றே தெரியவில்லையே தம்பி.

செல்வம்: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு முனையில் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளி தெரியும், அதுதான் கண். வெளிச்சமா இருட்டா என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுமுனையில் குட்டி முள் இருக்கும், கொட்டாது. மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம், இதற்கு மினுமினுக்கும் செதில்.

ராஜம் மாமி: எங்கள் ஊரில் தூங்குகிறவர் காதில் புகும் என்பார்களே?

செல்வம்: மாமி, அது மண்ணுக்குள்ளேயே வாழ்வது. எறும்புப் புற்று, கறையான் புற்றுக்குள் புகுந்து முட்டையையும் புழுவையும் தின்னும். காதில் அதற்கு என்ன வேலை? மழையில் மண் ஊறினால் மேலே வந்துவிடும்.

கார்த்திக்: எங்கள் வாசல் நிலையைக் கறையான் அரித்துக்கொண்டிருக்கிறது. தாராளமாக இருக்கட்டும்!

செல்வம்: இன்னொன்று கேளுங்கள். இதுவரை பார்த்ததெல்லாம் பெண்தான். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், குஞ்சும் பெண்தான். பூந்தொட்டி மண்ணோடு ஒன்றே ஒன்று போனாலும் அங்கே பெருகிவிடும். அப்படித்தான் ஹவாய், ஃபுளோரிடா வரை போயிருக்கிறது.

ராஜம் மாமி: ஆணே இல்லாமலா! இத்தனை வயதுக்கு இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மீனா: சரி, எப்படி எடுப்பது?

செல்வம்: தாளை அடியில் நுழைத்துத் தூக்கி, ஈர மண்ணில் விடுங்கள். ஆனால் ஒரு சாணுக்கு மேல் நீளமோ, உடம்பில் பட்டையோ இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். கட்டுவிரியன் குட்டியாக இருக்கலாம். தள்ளி நின்று வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

மீனா: விட்டாயிற்று. கண் சிமிட்டுவதற்குள் மண்ணுக்குள் போய்விட்டது. மாமி, உங்கள் கறிவேப்பிலைச் செடி ஓரம்தான்.

ராஜம் மாமி: அங்கே எறும்பும் நிறைய, இருக்கட்டும். பிளம்பரிடம் சொல்லி அந்தத் துளைக்கு நைலான் வலை போட்டுவிடு.