புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை குறுக்குத் தெருவில் நுழையும் டிரெய்லர் லாரிகள்

துறைமுகம் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எங்கள் தெருவில் புகுந்து சாக்கடை மூடிகளை நொறுக்குவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அதிக பாரம் என்ற புகார் எடுபடவில்லை. பாரம் வரம்புக்குள்தான் என்று காட்டும் எடைமேடைச் சீட்டை லாரிக்காரர்கள் நீட்டிவிட்டார்கள். வரம்பைத் தாண்டினால்தானே 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000!

பலித்தது, மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவைச் சொன்னவரின் யோசனை. பாரம் வரம்புக்குள் இருந்தாலும், சாலையின் தன்மையைக் காட்டிக் குறிப்பிட்ட வகை வண்டியையே தடுக்கலாம். உடைந்த மூடிகளின் படங்களோடு தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இப்போது முனையில் கனரக வாகனத் தடைப் பலகை நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று: தண்ணீர் லாரிக்காரரும் அதே பலகையைக் காட்டி உள்ளே வர மறுக்கிறார். சரி, விலக்கு கேட்டு அடுத்த மனுவும் போயிருக்கிறது.