பழைய காரில் தீப்பொறி வரவில்லை: காயிலை மாற்றுவதற்கு முன் எதைச் சோதிப்பது?

கேள்வி:
என்னிடம் உள்ள 12 வோல்ட் பழைய கார் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்), கண்டென்சர் (பாயிண்ட்டோடு இணைந்த மின்தேக்கி) முறையில் இயங்குவது. நெடுநாள் நின்றிருந்ததால் பாயிண்ட்டைப் புதிதாக மாற்றினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது. ஆனால் காயிலின் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்) நடு வயரை இன்ஜின் உலோகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தும் பொறி தெரியவில்லை. காயில்தான் பழுதா?

பதில் 1:
காயில் வாங்க அவசரப்படாதீர்கள். சாவியைப் போட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையை எர்த்திலும் (வண்டியின் உலோகப் பகுதி) மறுமுனையைக் காயிலின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். அங்கே எரிந்தால், அதை நெகட்டிவ் முனைக்கு மாற்றி இன்ஜினைச் சுழற்றுங்கள். பாயிண்ட் திறந்து மூடுவதற்கேற்ப விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்தால், பாயிண்ட் மூடவில்லை அல்லது அதன் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்:
பாசிட்டிவ்வில் எரிகிறது, நெகட்டிவ்வில் எரியவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பாயிண்ட் இருக்கும், பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் பாகம்) போகும் வயரைக் கழற்றியதும் அங்கேயும் எரிகிறது.

பதில் 2:
அப்படியானால் காயிலின் முதன்மைச் சுற்று (பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளுக்கு இடையே உள்ள சுருள்) அறுபடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ நிரந்தரமாக எர்த் ஆகிறது. பாயிண்ட் மாற்றிய வண்டியில் நான் முதலில் பார்ப்பது, ஸ்பிரிங்கையும் வயர் முனைகளையும் தாங்கும் திருகிலுள்ள சிறிய இன்சுலேட்டிங் வாஷரைத்தான். அது வரிசை மாறினால் பாயிண்ட் திறந்தாலும் மின்சாரம் நிற்காது. பாயிண்ட் முழுதும் திறந்திருக்கும்போது உள்ள இடைவெளியையும் பாருங்கள்: பல வண்டிகளில் அது சுமார் 0.4 மில்லிமீட்டர், ஆனாலும் உங்கள் கையேட்டின் அளவே இறுதி.

பதில் 3:
வாஷர் சரியாக இருந்தால், கண்டென்சர் வயரை மட்டும் கழற்றிவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். விளக்கு அப்போது விட்டுவிட்டு எரிந்தால் கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது.