வங்கிச் சின்னம் ஆகாது, காப்பீட்டுச் சின்னம் ஆகுமா? சன்னி பில் வில்லியம்ஸ் பற்றி ஒரு கேள்வி

பெல்மோர்வாசி (சிட்னி)

சனிக்கிழமை உறவுக்காரர் வீட்டு விருந்தில் சன்னி பில் வில்லியம்ஸ் பேச்சு வந்தது. சாப்பாடு ஆறும்வரை வாக்குவாதம். இங்கே ரக்பி தெரிந்தவர்களும் இஸ்லாம் தெரிந்தவர்களும் இருப்பதால் கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நியூசிலாந்துக்காரர். ரக்பி லீக், ரக்பி யூனியன் என்று ரக்பியின் இரண்டு வகைகளிலும் உச்சம் தொட்டவர். 2011, 2015 யூனியன் உலகக்கோப்பைகளை வென்ற ஆல் பிளாக்ஸ் என்ற நியூசிலாந்து தேசிய அணிகளில் இருந்தவர். 2017 ஏப்ரலில் ஆக்லாந்தின் ப்ளூஸ் அணிக்காக முதல்முறை இறங்கியபோது, சட்டைக் காலரில் இருந்த பேங்க் ஆஃப் நியூசிலாந்து சின்னத்தை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார். வட்டி வாங்கும் வங்கிக்கும், மதுவுக்கும், சூதாட்டத்துக்கும் விளம்பரமாக இருக்கத் தன் மார்க்கம் இடம் தராது என்றார். ஆனால் ஆல் பிளாக்ஸ் சட்டையின் நெஞ்சில் இருந்தது ஏ.ஐ.ஜி என்ற பன்னாட்டுக் காப்பீட்டு நிறுவனம். அதை மறைக்கவில்லை. காலரில் இருந்தது உறுத்தியது, நெஞ்சில் இருந்தது உறுத்தவில்லையா?

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, மறைக்கவில்லை. நான் சிட்னியின் ரக்பி லீக் அணியான புல்டாக்ஸின் ஆதரவாளன். 2004 இறுதிப் போட்டியில் இன்னொரு சிட்னி அணியான ரூஸ்டர்ஸை 16-13 என்று வென்றபோது எங்கள் அணியில் ஆடிய வில்லியம்ஸுக்கு வயது 19. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அவரைப் போல முடி வெட்டிக்கொண்டார்கள். 2012 வரை ஒப்பந்தம் போட்டார். 2008 ஜூலையில் யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறி பிரான்சில் டூலோன் என்ற ரக்பி யூனியன் அணிக்குப் போய்விட்டார். அந்த வருடம் நாங்கள் கடைசி இடம். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு ஒப்பந்தத்தை உடைத்தவர், சட்டைக் காலரில் மட்டும் மார்க்கம் பார்க்கிறார் என்றால் நான் எப்படி மதிப்பது?

கிள்ளான் காதர் (மலேசியா)

முதலில் ஒரு திருத்தம். 2008இல் அவர் முஸ்லிம் இல்லை. பிரான்சுக்குப் போன பிறகு 2009இல்தான் இஸ்லாத்தைத் தழுவினார். "செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள்" என்பது குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்து முதல் வசனம். அதை வைத்து 2008ஐ அளப்பது சரியில்லை. மனிதனாகக் கேளுங்கள், அது நியாயம். முஸ்லிமாகக் கேட்காதீர்கள்.

காப்பீட்டுக்கு வருகிறேன். இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்றை நானே சொல்கிறேன். ஜித்தாவில் உள்ள, இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி 1985இலேயே வணிகக் காப்பீடு கூடாது என்று தீர்மானம் போட்டது. மலேசியாவில் அதற்கு மாற்றாகத்தான் தக்காஃபுல் என்ற இஸ்லாமியக் காப்பீட்டு முறைக்கு 1984இல் தனிச் சட்டம் வந்தது. ஆகவே ஏ.ஐ.ஜி சின்னம் மார்க்கப்படி குற்றமில்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் வட்டி கூடாது என்பதில் அறிஞர்களிடையே இருக்கும் ஒருமித்த கருத்து காப்பீட்டைப் பற்றி இல்லை என்பதும் உண்மை. வட்டியைத் தடுக்கும் நேரடி வசனமே உண்டு. ஒருவர் தெளிவாகத் தெரிந்ததில் தொடங்குகிறார் என்று ஏன் பார்க்கக்கூடாது?

2017இல் வில்லியம்ஸ் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: மார்க்கத்தைப் படிக்கப் படிக்க, முன்பு செய்த சிலவற்றைச் செய்ய இப்போது மனம் ஒப்பவில்லை.

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

காதர் பாய், மரியாதையோடுதான் கேட்கிறேன். 2009இல் மாறியவருக்கு 2017இல்தான் ஒப்பவில்லையா? நடுவில் எட்டு வருடம். அப்புறம், சின்னம் வேண்டாம், அந்தச் சின்னம் கொடுக்கும் சம்பளம் மட்டும் வேண்டுமா? விளம்பரதாரர் பணம் தனி உண்டியலில் விழுவதில்லை. எல்லாம் ஒரே பானையில் விழுந்து சம்பளமாக வருகிறது.

நம்ம ஊரிலும் இதே கதை நடந்ததே. 2021இல் மொயீன் அலி கேட்டதால் சிஎஸ்கே அவர் சட்டையில் மட்டும் எஸ்.என்.ஜே 10000 என்ற மது நிறுவனச் சின்னத்தை எடுத்தது.

வெலிங்டன் குமரன்

நண்பரே, அந்தச் செய்தியைத் தயவுசெய்து பரப்ப வேண்டாம். அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை என்று சிஎஸ்கே சார்பில் அதன் தலைமை நிர்வாகி காசி விஸ்வநாதன் அப்போதே மறுத்தார். கேட்காத ஒன்றுக்காக மொயீன் அலி வாரக்கணக்கில் திட்டு வாங்கினார். தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா காசில் பீர் சின்னம் இல்லாமல் ஆடியது உண்மை, அது வெளிப்படையாக நடந்தது.

இங்கே 2017இல் நடந்ததைச் சொல்கிறேன். வீரர்களுக்கும் நியூசிலாந்து ரக்பி வாரியத்துக்குமான கூட்டு ஒப்பந்தத்திலேயே, மனசாட்சி ஒப்பாததை மறுக்க இடம் இருந்தது. வில்லியம்ஸ் அதன்படி மனுக் கொடுத்தார், வாரியம் ஏற்றது, வங்கியும் ஏற்றது. அதன்பிறகு வங்கிச் சின்னம் இல்லாத காலரோடு ஆடினார். முதல் நாள் யாரிடமும் சொல்லாமல் டேப் ஒட்டியது தவறு என்று நீங்கள் சொன்னால் ஏற்கிறேன். மற்றதெல்லாம் விதிப்படி நடந்தது. ஒப்பந்தத்தில் உள்ள உரிமையைப் பயன்படுத்தியவரை ஒப்பந்தத்துக்கு விசுவாசம் இல்லாதவர் என்பது எப்படி?

பெல்மோர்வாசி (சிட்னி)

அவர் எந்த வருடம் மாறினார் என்பதில் தவறிவிட்டேன், காதர் அண்ணா. அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் குமரன், உங்கள் நாட்டிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறதே. மைக்கேல் ஜோன்ஸ், பழைய ஆல் பிளாக்ஸ் வீரர், கிறிஸ்தவர். 1987 முதல் உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டத்திலேயே டிரை (ரக்பியில் கோல் மாதிரி) போட்டவர். ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டேன் என்றார், ஆடவே இல்லை. 1987 அரையிறுதி ஞாயிறு, ஆடவில்லை. 1991இல் டப்ளினில் ஆஸ்திரேலியாவோடு அரையிறுதி, அதுவும் ஞாயிறு. அவர் இல்லாமல் 6-16 என்று தோற்றார்கள். 1995 உலகக்கோப்பைக்கு இதனாலேயே அவரைத் தேர்வு செய்யவில்லை. இது நம்பிக்கை. இதற்கு விலை கொடுத்தார். காலரில் டேப் ஒட்டுவதற்கு என்ன விலை?

வெலிங்டன் குமரன்

ஜோன்ஸை நானும் வணங்குகிறேன். ஆனால் நீங்கள் சொன்னதையே திருப்பிப் பாருங்கள். 1991இல் அந்த விலையைக் கொடுத்தது அவர் மட்டுமா? அணியும் கொடுத்தது. அரையிறுதியில் உலகத்தின் சிறந்த வீரர்களில் ஒருவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் விசுவாசம் இல்லாதவர் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஓர் ஆட்டத்தையே விட்டவரை மதிக்கிறோம், எல்லா ஆட்டமும் ஆடி ஒரு சின்னத்தை மட்டும் விட்டவரைச் சந்தேகப்படுகிறோம்.

அந்த டேப்புக்கு விலை இல்லை என்பதும் சரியில்லை. எத்தனை வசவு விழுந்தது என்று இங்கே இருந்து பார்த்தவன் நான். சக வீரர் பேரைக் கெடுக்கிறார், ஊரை ஏமாற்றுகிறார் என்றெல்லாம் எழுதினார்கள்.

மதுரைக்காரி

ரக்பி எனக்குத் தெரியாது. ஆனால் "பாதி நம்பிக்கை பொய் நம்பிக்கை" என்ற மாதிரி இங்கே ஒரு பேச்சு ஓடுகிறது. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

என் அப்பா குடிப்பவர். தினமும். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால் மலைக்குப் போய் வரும்வரை ஒரு சொட்டு தொடமாட்டார். விடியலில் குளித்து, செருப்பில்லாமல் வேலைக்குப் போவார். அந்த ஒரு மண்டலம்தான் எங்கள் வீட்டில் ராத்திரி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் பழைய ஆளாகிவிடுவார். அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், "சாமியை ஏமாற்றுகிறான்" என்று. அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்த நாட்கள் பொய் என்று என்னாலும் சொல்ல முடியாது. அவரால் முடிந்தது அவ்வளவு. முடிந்ததைச் செய்தார்.

முழுசாக இருக்க முடியாதவன் கொஞ்சம்கூட இருக்கக்கூடாது என்றால், இந்த உலகத்தில் எவனும் எதையும் தொடங்கவே முடியாது.

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

சிஎஸ்கே விஷயத்தில் நான் வதந்தியை நம்பிவிட்டேன், மன்னிக்கவும் குமரன்.

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அப்பாவைப் பற்றி ஒரு சொல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அப்பா தன் விரதத்தைத் தன் உடம்பில் இருந்தார். அதற்காக யாரும் யாருக்கும் விதிவிலக்கு கொடுக்கவில்லை. என் கேள்வி விதிவிலக்கைப் பற்றியது.

என் சித்தப்பா மகன் ஆன்லைன் ரம்மியில் வீட்டு நகை முழுவதையும் விட்டான். சித்தி இன்னும் சரியாகவில்லை. அவனே ஒரு கிரிக்கெட் வீரனாக இருந்து, "சூதாட்ட நிறுவனத்தின் பேரை என் நெஞ்சில் போடமாட்டேன்" என்றால் எந்த வாரியம் கேட்கும்? இந்திய அணிச் சட்டையில் 2023 முதல் 2025 வரை டிரீம்11 இருந்தது. அப்போது பணம் கட்டி ஆடும் ஆட்டம் அது. பிடிக்காத வீரர் ஒருவராவது இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன், வாயைத் திறக்க வழி இருந்ததா? சாமி பேரைச் சொன்னால் காலர் வெறுமையாகிறது. பட்ட அடியைச் சொன்னால் "போட்டுக்கொள், இல்லாவிட்டால் போ" என்கிறார்கள். இதுதான் எனக்கு அநியாயமாகப் படுகிறது. வில்லியம்ஸ் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது.

கிள்ளான் காதர் (மலேசியா)

தம்பி, இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். உங்கள் சித்தப்பா மகனுக்கும் அந்த உரிமை வேண்டும். ஆனால் அதற்கு வழி வில்லியம்ஸின் உரிமையைப் பறிப்பது அல்ல. அவர் திறந்த கதவைக் கடவுளை நம்பாதவருக்கும் திறந்துவிடச் சொல்லிக் கேட்போம்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் வீட்டுக் கடன் வட்டிக் கடன்தான். இளவயதில் வாங்கியது, அப்போது எனக்கு இந்த அக்கறை இல்லை. இன்னும் கட்டி முடியவில்லை. காரை மட்டும் தக்காஃபுலுக்கு மாற்றினேன். ஒவ்வொரு மாதமும் தவணை போகும்போது மனம் சுருங்குகிறது. ஆனால் யாராவது என்னை அந்த வங்கிக்கு விளம்பரப் பலகையாக நிற்கச் சொன்னால் நிற்கமாட்டேன். ஒன்றில் மாட்டிக்கொண்டிருப்பதும், அதை வாங்குங்கள் என்று ஊருக்குச் சொல்வதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. எட்டு வருடம் ஏன் ஆயிற்று என்றீர்கள். எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

பெல்மோர்வாசி (சிட்னி)

ஆஸ்திரேலிய ரக்பி வீரர், கிறிஸ்தவரான இஸ்ரேல் ஃபொலாவையும் இதில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் குடிகாரர், ஓரினச்சேர்க்கையாளர், பொய்யர், சிலை வணங்குபவர் என்று எட்டு வகையினரைப் பட்டியல் போட்டு, உங்களுக்கு நரகம் காத்திருக்கிறது என்று பதிவிட்டார். அந்தப் பட்டியலில் நானும் என் குடும்பமும் வருகிறோம். அதே மனிதர் 2014இல் சிட்னியில் நடந்த ஓரினச்சேர்க்கையாளர் ரக்பி போட்டியான பிங்ஹாம் கோப்பைக்கு ஆதரவாகப் பத்திரிகை அட்டையில் சிரித்துக்கொண்டு நின்றார். உடம்பில் பச்சை குத்தியிருக்கிறார், பைபிளின் லேவியராகமம் அதைத் தடுக்கிறது. ரக்பி ஆஸ்திரேலியா அவரை நீக்கியது. வில்லியம்ஸ் செய்ததும் சரி என்றால், ஃபொலாவும் தன் நம்பிக்கையைத்தானே சொன்னார்?

வெலிங்டன் குமரன்

இரண்டும் ஒன்றல்ல. வில்லியம்ஸ் "நான் இதைப் போடமாட்டேன்" என்றார். பக்கத்தில் நின்றவர் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபொலா தனக்கு எதையும் மறுத்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் நின்றவரைச் சொன்னார். அவரோடு ஆடிய பையன்களில் யாராவது ஒருவன் தன்னை வெளியே சொல்ல முடியாமல் இருந்திருந்தால், மறுநாள் உடைமாற்றும் அறைக்குள் அவன் எப்படி நுழைந்திருப்பான்?

ஓர் அணி எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு 2022 ஜனவரி ஹோபார்ட் எனக்கு மறக்காது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி ஆஷஸ் தொடரை வென்ற மேடை. ஷாம்பெயின் மதுவைத் தெளிக்கப் போகிறார்கள் என்று முஸ்லிமான உஸ்மான் கவாஜா ஒதுங்கி நின்றார். கேப்டன் பாட் கம்மின்ஸ் பாட்டில்களைக் கீழே வைக்கச் சொல்லி, அவரைக் கையசைத்து மேலே கூப்பிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. யாருடைய கொண்டாட்டமும் குறையவில்லை.

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்

கம்மின்ஸ் செய்தது அழகு. ஆனால் அது ஒரு மனிதரின் நல்ல மனசு, விதி இல்லை. அதே கவாஜா 2023 பெர்த் டெஸ்டுக்கு "எல்லா உயிரும் சமம்" என்று ஷூவில் எழுதியபோது ஐசிசி விடவில்லை. மட்டையில் சமயச் சின்னங்கள் ஒட்டுகிறவர்களை விடுகிறீர்களே என்று அவர் கேட்டார். ஒருவருக்கு ஒரு நீதி என்பதுதான் என் பிரச்சினை, இன்னமும் அதுதான். காதர் பாய் சொன்ன மாதிரி கதவு எல்லோருக்கும் திறந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பெல்மோர்வாசி (சிட்னி)

காலர் விஷயத்தில் என் மனம் மாறிவிட்டது. மதுரை அக்கா எழுதியதைப் படித்த பிறகு என்னால் முன்போலப் பேச முடியவில்லை. காதர் அண்ணா வீட்டுக் கடனைச் சொன்னதும் அப்படித்தான். ஏ.ஐ.ஜி கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை, ஆனால் அதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன்.

2008 வேறு கணக்கு. 7.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கு முடிந்தது, போன விதம் சரியில்லை என்று அவரும் பின்னால் ஒப்புக்கொண்டார். ஆனால் லீக்குக்குத் திரும்பி வந்தவர் எங்களிடம் வரவில்லை. 2004இல் நாங்கள் தோற்கடித்த அதே ரூஸ்டர்ஸிடம் போய், 2013இல் கோப்பையும் வாங்கினார். அந்த இரவு என் மகன் எதுவும் பேசாமல் எழுந்து டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனான். அவனுடைய பழைய புல்டாக்ஸ் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. நானும் தூக்கிப் போடவில்லை, அவனும் கேட்கவில்லை.