1998க்குப் பிறகு வந்ததெல்லாம் 911தானா?

ஏர்கூல்டு_மணி:
என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்ஷே 911 என்ற கார் 1998இல் 993 மாடலோடு முடிந்துவிட்டது (993, 996, 997 எல்லாம் 911இன் அடுத்தடுத்த தலைமுறைகளின் எண்கள்). 996 முதல் இன்றுவரை வருபவை தண்ணீரால் குளிரும் இன்ஜின் கொண்டவை; நல்ல கார்கள், வேகமான கார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஒரு காரை வைத்தார்களே, அதன் வாரிசு என்று இவற்றைச் சொல்ல மனம் வரவில்லை. காற்றால் குளிரும் இன்ஜின்தான் அந்தக் கார். பின்னால் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர்கள், அவற்றைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள், பெல்ட்டில் சுற்றும் பெரிய ஃபேன். ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இல்லாததால் உள்ளே நடக்கும் ஒவ்வொரு சத்தமும் வடிகட்டாமல் காதுக்கு வருகிறது. ஆயில் அளவு பார்ப்பதுகூடத் தனி முறை: காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் நன்றாகச் சூடானபின், ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். இப்படி ஓட்டுபவரையும் வேலை வாங்குகிற கார் அது. எதிர்க்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பாக்சர்சிக்ஸ்:
மணி அண்ணே, அந்தச் சத்தம் எனக்கும் உயிர். ஆனால் காற்றுக் குளிர்ச்சிதான் 911 என்பதை ஏற்க முடியாது. வோக்ஸ்வாகன் பீட்டிலில் இருந்து போர்ஷேயின் முந்தைய காரான 356க்கு வந்து, அங்கிருந்து 911க்கு வந்த வழக்கம் அது. எளிமை, சிக்கனம், குறைந்த எடை என்று எடுத்த முடிவு. போர்ஷே இன்ஜினியர்களே அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1978இல் பந்தயத்துக்குப் போன 935/78இலேயே சிலிண்டர் ஹெட்டுக்கு, அதாவது வால்வுகள் இருக்கும் மேல்மூடிக்கு, தண்ணீர் வந்துவிட்டது. 1986இல் வந்த 959 சாலைக் காரிலும் அதே ஏற்பாடுதான். ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் ஹெட்டில் குவியும் சூட்டைக் காற்றால் இழுத்துவிட முடியாது. அதனால்தான் 993 வரை சாதாரண 911இல் இரண்டே வால்வு. புகைக்கும் சத்தத்துக்கும் விதிகள் இறுகிக்கொண்டே வந்தன. தண்ணீருக்கு மாறியிராவிட்டால் இன்று 911 என்று ஒரு கார் விற்பனையில் இருந்திருக்காது.

ஏர்கூல்டு_மணி:
மாற வேண்டியிருந்தது என்பது உண்மை. மாறிய பின்னும் அதே கார் என்பதுதான் இடிக்கிறது. 996இன் முன்பாதியைப் பாருங்கள். ஹெட்லைட் முதல் கதவு வரை போர்ஷேயின் இன்னொரு காரான பாக்ஸ்டரோடு பங்கு போட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தது, செலவைக் குறைத்தே ஆகவேண்டும், புரிகிறது. ஆனால் ரசிகர்கள் அந்த ஹெட்லைட்டை ஏற்கவே இல்லை. 2004இல் 997 வந்தபோது வட்ட விளக்குக்குத் திரும்பினார்களா இல்லையா? அப்புறம், 996 இன்ஜினுக்குள் இருக்கும் அந்த இடைத்தண்டு (ஐஎம்எஸ்) பேரிங். அது உடைந்தால் இன்ஜினே போச்சு. பழைய இன்ஜினில் இப்படி ஒரு பயம் கிடையாது.

ஸ்டுட்கார்ட்_செல்வி:
இரண்டு பேரும் குளிர்ச்சியிலேயே நிற்கிறீர்கள். எனக்கு இந்தக் காரில் வியப்பு, இன்ஜின் இருக்கும் இடம். பின் அச்சுக்கும் பின்னால் அத்தனை எடையைத் தொங்கவிடுவது எந்தக் கணக்கிலும் சரி வராத வேலை. அறுபதுகளின் 911 வளைவில் வாலை வீசும். அதை அடக்க முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். 1969 மாடலில் சக்கர இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். ஒரே பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய பேட்டரிகளை முன்பக்கம் ஆளுக்கொரு மூலையில் வைத்தார்கள். 1975இல் 260 குதிரைத்திறனோடு வந்த 911 டர்போவில் இன்னொரு தொல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் கார் சுற்றிவிடும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இன்ஜினை இடம் மாற்றியிருக்கும். இவர்கள் மாற்றாமல், அந்தக் குறையோடே மல்லுக்கட்டி, ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வென்றார்கள். அந்தப் பிடிவாதம் 1998இல் நிற்கவில்லையே.

ஒருமுறை மாற்றப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1977இல் வந்த போர்ஷே 928 காரில் முன்பக்கம் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், தண்ணீர்க் குளிர்ச்சி. 1978இன் ஐரோப்பிய ஆண்டின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. 911ஐ மூட்டை கட்டிவிட்டு அதை வைப்பதுதான் திட்டம். 1981இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், இன்ஜினியரிங் தலைவர் ஹெல்முட் பாட்டின் அறைச் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்க்கிறார். 911இன் கோடு அந்த ஆண்டோடு நின்றிருக்கிறது. மார்க்கரை எடுத்து, கோட்டைத் தாளின் விளிம்பு தாண்டிச் சுவர்வரை இழுத்துவிட்டார். தண்ணீருக்குப் பயந்து அவர் அதைச் செய்யவில்லை.

ஏர்கூல்டு_மணி:
செல்வி, பிடிவாதம் என்பது சரியான பார்வை. ஆனால் ஷுட்ஸ் காப்பாற்றியது காற்றால் குளிரும் கார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று 993க்கு என்ன விலை கேட்கிறார்கள், 996க்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று பாருங்கள். வாங்குகிறவர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

பாக்சர்சிக்ஸ்:
விலை அரிதாக இருப்பதற்கும் சேர்த்துத்தானே அண்ணே. 993 சுமார் 68,000, 996 சுமார் 1,75,000 விற்றது. ரோட்டில் நிறைய இருப்பது குற்றமா?

சரி, ஒரே ஒரு கேள்வி. 1999இல் வந்த 996 ஜிடி3ஐ எந்தப் பக்கம் வைப்பீர்கள்? அதில் இருப்பது, போர்ஷே இன்ஜினியர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரில் அழைக்கப்படும் மெட்ஸ்கர் இன்ஜின். தண்ணீரால்தான் குளிர்கிறது, ஆனால் அதன் கிரேங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) பழைய ஏர்கூல்டு இன்ஜின் வழியில் வந்தது, லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்துக்குப் போன 911 ஜிடி1 காரின் வழியாக. நீங்கள் சொன்ன பேரிங் தொல்லையும் அதில் இல்லை. 1998இல் கோடு போட்டால் அந்தக் கோடு இந்த இன்ஜினின் நடுவில்தான் போகும்.

ஏர்கூல்டு_மணி:
ஜிடி3ஐ என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன், டர்போவையும்தான், அதற்கும் அதே இன்ஜின் குடும்பம். 996இன் சாதாரண மாடலான கரேராவை மட்டும் கேட்காதீர்கள்.

ஸ்டுட்கார்ட்_செல்வி:
அந்தக் கரேராவிலும் சாவி ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம்தான். டாஷ்போர்டில் ஐந்து வட்ட மீட்டர்கள், நடுவில் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர். இங்கே ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசனில் உள்ள போர்ஷே மியூசியத்தில் முதல் தலைமுறைக் காரின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாலும் அதே ஐந்துதான். வரும்போது சொல்லுங்கள், மூன்று பேரும் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம்.